ஓரகத்தி கேட்ட கேள்வி

பாகம் பிரித்த வீட்டுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் மணிமொழியின் போன் அடித்தால் இந்தப் பக்கம் அம்சவள்ளிக்கு வயிறு எரியும்.

ஓரகத்திகள் இருவரின் மகன்களும் பட்டாளத்தில் ஒரே பிரிவு. எல்லையில் சண்டை மூண்டதிலிருந்து யார் எங்கே, எப்படி என்று மூச்சுவிடக் கூடாதென்று உத்தரவு. அம்சவள்ளியின் வீரமணியிடமிருந்து பேச்சே இல்லை. மணிமொழியின் சரத்குமார் மட்டும் ஒருநாள் பேசிவிட்டான். அதற்குப் பிறகு, கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகும்போதுகூட மணிமொழி இவள் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கினாள். மகன் பேசிவிட்ட மிதப்பு, வேறென்ன!

மே தினக் கிராமசபையில் அதிகாரி ராணுவத்துக்கு வாழ்த்துத் தீர்மானம் வாசித்து, எல்லோரையும் கைதூக்கச் சொன்னார். மணிமொழி எழுந்தாள்.

"வாழ்த்து சொல்லுங்க, வேணான்னு சொல்லல. அடிபட்ட புள்ளைங்க எந்த ஆஸ்பத்திரின்னு பெத்தவங்களுக்காவது சொல்லணும்னு அதுலயே எழுதுங்க. இல்லன்னா நான் கை தூக்க மாட்டேன்."

"சண்ட நேரத்துல அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"பெத்தவ வேற எப்பங்க கேக்கறது?"

கூட்டம் கைதட்டியது. அம்சவள்ளி தொண்டையிலேயே வைத்துப் புழுங்கிய கேள்வி அது. மகனோடு பேசியவளுக்கு அது எதற்கு? புள்ளையும் அவளுக்கு, பேரும் அவளுக்கா? பொறுக்கவில்லை.

ஓரமாக நின்ற போலீஸ்காரரிடம் போய், "அவ புள்ள போன்ல எல்லாத்தையும் சொல்லிக்கினு கீறான் சார். அத வெச்சிதான் துள்றா," என்று போட்டுக்கொடுத்தாள். தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிற புத்தி.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டு, விசாரணை என்று மணிமொழியை ஏறச் சொன்னார்கள். சொன்னது யாரென்று அவளுக்குத் தெரியாது. நேரே அம்சவள்ளியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வெளிய சொன்னா வேல போயிடும்னு சரத்து சத்தியம் வாங்கிட்டான். அதான் உன் மூஞ்ச பாக்க முடியல. வீரமணிக்கு அடிபட்டிருக்கு. உசுரு கீது. எந்த ஆஸ்பத்திரின்னு விசாரிச்சிட்டு இன்னிக்கு போன் பண்றன்னான்."

ஓரகத்தியை ஏற்றிக்கொண்டு ஜீப் புறப்பட்டது. தெருமுனை திரும்பும்போது, முன்சீட்டில் இருந்த போலீஸ்காரர் கையில் போன் அடித்தது. அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"எடுங்க சார்! அது எனக்குங்க!"

அம்சவள்ளி கத்திக்கொண்டே ஜீப்பின் பின்னால் ஓடினாள்.