பாம்பு ரயிலின் இல்லாத பாதி

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கண்ணெதிரே இருப்பது போதுவதில்லை. கேளிக்கைப் பூங்காவுக்கு வந்தோமா, ஏறினோமா, அலறினோமா, இறங்கினோமா என்று இருப்பதில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்கிறார்கள். "ஐயா, இந்தப் பாம்பு ரயிலுக்கு இன்னொரு பாதி இருந்துச்சாமே?" இருக்கிற பாதியிலேயே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர்களுக்கு இல்லாத பாதியைப் பார்க்க வேண்டுமாம்.

சுவருக்குப் பின்னால் சுரங்கம் இருக்கிறது என்பான் ஒருவன். சோதனை ஓட்டத்தில் ஒரு பெட்டி ஏரிக்குள் போய்விட்டது என்பான் இன்னொருவன். முதலாளி மனைவிக்குத் தலை சுற்றியதால் வேலையை நிறுத்தினார்கள் என்று ஒரு பெண் அடித்துச் சொன்னாள், பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி. நான் அங்கே நட்டு முடுக்குகிறவன், பெயின்ட் அடிக்கிறவன். "எனக்குத் தெரியாது, போங்க" என்பேன்.

இந்தப் புரளிக்கு மூலமே எங்கள் வீட்டில்தான் இருந்தது என்பது என் எரிச்சல். என் தங்கையின் புருஷன், என் மச்சான், பூங்கா கட்டும்போது வரைபட ஆபீசில் பாம்பு ரயிலுக்கு அட்டையிலும் கம்பியிலும் மாதிரி செய்து கொடுத்தவர். சாப்பிட உட்கார்ந்தால் போதும், தட்டைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டுவார். இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தூக்குவார். விரல் அதற்கடியில் புகுந்து அந்தப் பக்கம் கிளம்பி, பெரிதாக வளைந்து திரும்பி வரும்.

"ரயில் ஏரிக்கு அடியில போயிருக்கணும் மச்சான். பாதியில விட்டுட்டாங்க."

நாங்கள் அவருக்கு 'ஏரி ரயில்' என்று பெயர் வைத்தோம். எந்த விசேஷ வீட்டிலும் "ஏரி ரயில் வந்தாச்சா?" என்று கேட்டுச் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

இப்போது படுத்த படுக்கை. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. விரல் மட்டும் போர்வை மேல் ஓடுகிறது. ஒரு நாள் தங்கை வந்தவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, அவரு என்கிட்ட கேக்குறாரு, 'நான் நிஜமாவே அப்படி ஒண்ணு செஞ்சேனா, இல்ல கதை விட்டேனா'ன்னு. அவருக்கே தெரியல. நான் ஆமான்னா, நீ என் மனசுக்காகச் சொல்றேங்கிறாரு. ராத்திரி தூங்குறதில்ல."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"உன் பூங்காவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. நான் பார்க்கணும்."

"அங்க என்னம்மா இருக்கு? ரயிலுக்குப் பின்னாடி இருந்த முள்ளுக்காட்டை வழிச்சுட்டாங்க, வண்டி நிறுத்துறதுக்கு. நாளன்னிக்குத் தரையையும் உடைச்சு மட்டமாக்கப் போறாங்க."

இதைச் சொன்ன பிறகு விடுவாளா? மறுநாள் காலை, பூங்கா வாசல் திறக்கும் முன்பே வந்து நின்றாள்.

வழித்த மண்ணில் கான்கிரீட் கட்டைகள் அங்கங்கே முட்டிக்கொண்டு நின்றன. முழங்கால் உயரம், தலையில் போல்ட்டுகள். எனக்கு அவை புதிதில்லை. புதருக்குள் நுழைந்து அவற்றின் மேல் உட்கார்ந்துதான் மத்தியானம் சாப்பிடுவோம். ஆளுக்கொரு கட்டை, இடம் மாறி உட்கார்ந்ததற்குச் சண்டையே வந்திருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பவற்றில் படகுக்காரர்கள் கயிறு கட்டுவார்கள். காலில் தட்டுகிற எதற்கும் மஞ்சள் அடிக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி, அதனால் மழைக்காலம் முடிந்ததும் நான்தான் அடிப்பேன். ஏதோ கொட்டகைக்குப் போட்டுக் கைவிட்ட அஸ்திவாரம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

"இதுதானா?" தங்கையின் முகம் தொங்கிப்போனது. "ஒண்ணுமே புரியலயே அண்ணே. இதைப் போய் அவருகிட்ட என்னன்னு சொல்றது?"

பெரிய ராட்டினத்தை ஓட்டுகிறவர் சோதனைக்காக அதை வெறுமனே சுற்றவிட்டிருந்தார். அங்கிருந்தே கத்தினார். "கீழ நின்னா கட்டைதாம்மா தெரியும்! மேல வாங்க! காட்டை வழிச்சதுலருந்து நானே வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கேன்!"

நான் அதில் ஏறியதே இல்லை. "நீ போய்ட்டு வா. நட்டு முடுக்குனவன் நான், ஏற மாட்டேன்."

"நீ முடுக்குனதை நீயே நம்பலன்னா ஊரு எப்படிண்ணே நம்பும்?" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் ராட்டினம் நின்றது. தங்கையிடமிருந்து சத்தமே இல்லை. அவள் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தலையைத் தூக்கினேன்.

பாம்பு ரயில் காரணமே இல்லாமல் சட்டென்று திரும்புகிற வளைவு ஒன்று உண்டு. அங்கிருந்து மஞ்சள் புள்ளிகள் ஜோடி ஜோடியாகக் கிளம்பியிருந்தன. அகன்று வளைந்து, சரிவில் இறங்க இறங்க நெருங்கி, கரையில் தண்ணீருக்குள் போய்விட்டன. எதிர்க் கரையில், படகுகளுக்கு நடுவே, மறுபடி எழுந்தன. மரங்களைச் சுற்றிக்கொண்டு வந்து பழைய தண்டவாளத்தோடு சேர்ந்தன. பூங்காவே அதற்குள் அடங்கிவிடும் போலிருந்தது. அவ்வளவு பெரிய ஒன்று என் காலடியில் படுத்துக்கிடந்திருக்கிறது. அதன் முதுகில் உட்கார்ந்து நான் வாய் கொப்பளித்திருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உயரம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

தங்கை கூண்டின் கண்ணாடியில் விரலை வைத்து ஓட்டினாள். புள்ளிகள் போன வழியிலேயே விரல் போனது. ஏரி வந்ததும் இடது கையைத் தூக்கினாள், டம்ளரைத் தூக்குகிற மாதிரி.

"அப்படியே இருக்குண்ணே."

இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் வந்து சொல்லணும்."

"பார்த்தவ நீயும்தானே? நீ சொல்லு."

"நான் சொன்னா நம்ப மாட்டாரு. இத்தனை வருஷத்துல அவரை ஒரு தடவைகூட நம்பாத ஆளு நீதான். நீ சொன்னா நம்புவாரு."

"ஓடியிருந்தா எப்படி இருந்திருக்கும்!" என்றார் ராட்டினக்காரர், ஏரியையே பார்த்துக்கொண்டு.

"எங்க ஓடியிருக்கும்? தண்ணிக்கு அடியில நட்டு துருப்பிடிச்சா எவன் போய் முடுக்குறது? உன் அப்பனா?" என்றேன். பிறகு தங்கையிடம் சொன்னேன். "இருக்குன்னு சொல்றேன். கண்ணால பார்த்தேன்னு சொல்றேன். ஓடியிருக்கும்னு மட்டும் என் வாயால வராது."

"அது போதும்ணே," என்றாள், அழுதுகொண்டே சிரித்து.

வாசலைப் பார்த்து நடந்தேன். வழியில் நான் உட்காருகிற கட்டை. எப்போதும் அதன் மேல் காலை வைத்துத்தான் தாண்டுவேன். அன்று சுற்றிக்கொண்டு போனேன்.

ஓடியிருக்காது.