வாசலை மறித்த தட்டுகள்

எங்கள் பேரூராட்சி மன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. செயல் அலுவலர் எழுந்து "பொருள் எண் ஒன்று" என்பார். தலைவர் "ஆல் பாஸ்" என்பார். பதினைந்து பேரும் தலையை ஆட்டுவோம். உடனே இரண்டு. தட்டில் வைத்த வடை ஆறுவதற்குள் பத்துப் பொருள் முடிந்துவிடும். ஒன்பதாவது வார்டு வாய்க்கால் அடைப்பு மட்டுமே இப்படி நான்கு முறை பாஸாகியிருக்கிறது. வாய்க்கால் இன்றும் அடைத்துத்தான் கிடக்கிறது.

அன்றைக்குப் பதினான்காவது பொருளுக்கு மட்டும் தலைவர் கார்த்திகேசன் ஆல் பாஸ் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதில் எல்லோரும் பேச வேண்டும், சென்னைக்குப் போகிற தீர்மானம் என்றார். தீப்பெட்டித் தொழிலுக்கு அரசு ஒரு புதுச் சட்டம் கொண்டுவரப் போகிறது. அதற்கு முன்னால் தொழில் நடக்கிற ஊர் மன்றங்களெல்லாம் தங்கள் கருத்தைத் தீர்மானமாக எழுதி அனுப்ப வேண்டுமாம். வீடுகளுக்கு நடுவில் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கக்கூடாது, பெட்டிக்கு இவ்வளவு என்று பீஸ் கணக்குக்கு வேலை வாங்காமல் நாள் சம்பளம் கொடுக்க வேண்டும், வாசல் அடைபட்டு ஆள் செத்தால் முதலாளி ஜெயிலுக்குப் போக வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்.

கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். இங்கே தீப்பெட்டி ஆலையை ஆலை என்று யாரும் சொல்வதில்லை. ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மன்றத்தில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரில் ஆறு பேருக்குச் சொந்தமாக ஆபீஸ் இருக்கிறது. தலைவருக்கு இரண்டு. அவர்களிடம் போய் இந்தச் சட்டம் வேண்டுமா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கேட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

நான் ராதாமணி. ஒன்பதாவது வார்டு உறுப்பினர். மற்ற பெண் உறுப்பினர்களுக்குப் பின்னால் அவர்களுடைய வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து காதில் ஓதிக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் கிட்டுவுக்கு ஆடுகளோடு காட்டில் அலையவே பொழுது சரியாக இருக்கும். அதுவும் போக, என் வாய்க்கு யாரும் எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த வாய் ஐந்து வருடமாக ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொத்திக்கொண்டிருந்தது. அதை அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் தலைவருடைய ஆபீஸில்தான் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளைப் பெட்டிக்குள் அடைத்து, அடைத்த பெட்டிகளைத் தட்டில் அடுக்க வேண்டும். நாலே முக்காலுக்குக் கணக்குப்பிள்ளை வருவார். வாசலுக்குப் பக்கத்தில் யாருடைய தட்டு இருக்கிறதோ அதைத்தான் முதலில் எண்ணுவார். முதலில் எண்ணியவளுக்கு ஐந்து மணி மினி பஸ் கிடைக்கும். கடைசியில் எண்ணியவள் ஏழு மணிக்குத்தான் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். அதனால் மூன்று மணியிலிருந்தே வாசலில் இடம் பிடிக்க அடிதடி நடக்கும். முன்வாசல் நிறைந்துவிட்டால் பின்வாசல். பின்வாசலை மறிக்கக்கூடாது என்று அங்கே ஒரு போர்டு தொங்கும். அந்தப் போர்டில்தான் நாங்கள் சோற்றுத் தூக்குகளை மாட்டியிருப்போம்.

விபத்து நடந்த அன்றைக்குப் பின்வாசலில் இடுப்புயரத்துக்குத் தட்டு அடுக்கியது நான். அடுக்கிவிட்டு முன்வாசல் வழியாகச் சுற்றிப் பின்பக்கக் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். யாரோ ஒருத்தியின் கையில் குச்சி உரசித் தீப்பிடித்துக்கொண்டது. முன்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பின்பக்கம் உட்கார்ந்து எங்களோடு பெட்டி அடைத்துக்கொண்டிருந்த விஜி மட்டும் வெளியே வரவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் பின்வாசலில் இருந்தது யாருடைய தட்டு என்று கேட்டபோது கணக்குப்பிள்ளை விஜியுடையது என்றார். செத்தவள் பேரைச் சொன்னால் யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? நான் அங்கேதான் நின்றேன். போலீஸ், கோர்ட்டு என்று பயம். அவளுக்கு இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். தூ, அதுவும் ஒரு நினைப்பா! விஜியின் மகள் பானு இருந்தாளே. இருபத்திரண்டு வயசாகிறது. அம்மா அடைத்த அதே ஆபீஸில் உட்கார்ந்து பெட்டி அடைக்கிறாள். வாய்த்தகராறு வந்தால் போதும், உங்கம்மாதானே வாசலை அடைத்து எல்லாரையும் கொல்லப் பார்த்தாள் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவள் என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. முந்தின நாள் சாயங்காலம் என் வார்டுப் பெண்கள் இருபது பேர் வீட்டுக்கு வந்தார்கள். சட்டம் வேண்டாம் என்று பேசச் சொன்னார்கள். பூங்கொடிதான் பேசினாள். "நாள் சம்பளம்னா எட்டு மணிக்குப் போயி ஆறு மணி வரைக்கும் கிடக்கணும்க்கா. புள்ளைக்குக் காய்ச்சல்னா ஓடியார முடியுமா? ஆபீச ஊருக்கு வெளிய கொண்டு போயிட்டா நாங்க எங்கன போறது?" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. விஜி செத்ததைக் கண்ணால் பார்த்தவளும் அவள்தான். நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கூட்டத்தன்று முதலாளிகள் எல்லா ஆபீசுக்கும் லீவு விட்டுப் பெண்களை அழைத்து வந்திருந்தார்கள். மன்றத்து ஜன்னல்களுக்கு வெளியே அவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பானுவும் நின்றாள்.

முதலில் மளிகைக் கடை சுந்தரபாண்டியன் பேசினார். ஆபீஸ் மூடினால் கடைத்தெருவில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்றார். பிறகு தங்கச்சாமி எழுந்தார். அவருக்கு ஒரு ஆபீஸ் உண்டு. முதலாளிகள் என்ன கொலைகாரர்களா, யாரோ ஒரு விஜி அசால்ட்டாகத் தட்டை வழியில் வைத்ததற்கு ஊரையே தண்டிப்பதா என்று கேட்டார். ஜன்னலில் பானு தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தத் தட்டை விஜி அடுக்கல. நான் அடுக்குனேன். அஞ்சு வருசமா செத்தவ தலையில பழியப் போட்டுட்டுச் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன். நாங்க அடுக்கத்தான் செய்வோம். முந்தி எண்ணுனாத்தான் முந்தி வீட்டுக்குப் போவ முடியும்னா எவ அடுக்காம இருப்பா? அதை மாத்தத்தான் இந்தச் சட்டம். வேணும்னு எழுதி அனுப்புங்க."

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. தலைவர் கோபப்படவில்லை. செயல் அலுவலரைப் பார்த்து, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள் என்றார். நானும் பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார்.

"அங்கன அடுக்கச் சொல்லி நான் சொன்னேனா? கணக்குப்பிள்ளை சொன்னாரா?"

"இல்ல."

"மறிக்கக்கூடாதுன்னு போர்டு இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"படிக்கத் தெரியும்லா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். அதையும் எழுதச் சொன்னார். பிறகு அவரே தீர்மானத்தைச் சொல்லச் சொல்லச் செயல் அலுவலர் எழுதி, சத்தமாக வாசித்தார். இத்தொழிலில் நேரும் விபத்துகள் தொழிலாளர்கள் எச்சரிக்கைப் பலகைகளை மீறுவதாலேயே நிகழ்கின்றன என்பதை முன்னாள் தொழிலாளியும் ஒன்பதாவது வார்டு உறுப்பினருமான திருமதி ராதாமணி அவர்களே இம்மன்றத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால், மேற்படி சட்ட முன்வடிவு தேவையற்றது என இம்மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.

ஏகமனதா? நான் கத்தினேன். எனக்குச் சம்மதமில்லை என்று மேஜையைத் தட்டினேன். எதிர்ப்பு இருந்தால் எழுத்துமூலமாகக் கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் தலைவர். என் கையெழுத்து ஏற்கெனவே தீர்மானப் புத்தகத்தில் இருந்தது. வரும்போதே எல்லோரிடமும் வாங்கிவிடுவார்கள். யார்தான் படித்துப் பார்த்துப் போடுகிறார்கள்? நானும் வடையைப் பார்த்துக்கொண்டே போட்டிருந்தேன்.

விஜி அடுக்கவில்லை என்றாவது ஒரு வரி சேருங்கள் என்று செயல் அலுவலரிடம் கெஞ்சினேன். அவர் பேனாவை மூடிவிட்டார். விபத்து விசாரணை அறிக்கை வேறு டிபார்ட்மெண்ட் எழுதியது, நாம் அதில் கை வைக்க முடியாது என்றார். ஆக, அந்த அறிக்கையில் விஜி குற்றவாளி. இந்தத் தீர்மானத்தில் நான் குற்றவாளி. முதலாளி பெயர் இரண்டிலும் கிடையாது. பொருள் எண் பதினைந்து தெருநாய்த் தொல்லை. தலைவர் ஆல் பாஸ் என்றார்.

வெளியே வந்தேன். பூங்கொடி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க சொன்னதுனாலதான் எங்க பொழப்பு தப்பிச்சுதுக்கா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அவளை அறைந்துவிடலாமா என்று இருந்தது. கையை உருவிக்கொண்டு நடந்தேன்.

பானு புளியமரத்தடியில் நின்றிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும், செருப்பால் அடிக்கட்டும் என்றுதான் பக்கத்தில் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"குழாயடியில நின்னேன்னு சொல்லுவீங்கள்லா அத்தை. குழாயடிக்கும் பின்வாசலுக்கும் நாலு எட்டுதான். எங்கம்மா உங்களக் கூப்பிட்டாளா?"

இதை நான் மன்றத்தில் சொல்லவில்லை. கிட்டுவிடம்கூடச் சொன்னதில்லை.

"கூப்பிட்டா."

"என்னன்னு?"

"தட்டை எடுங்கக்கான்னு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"எடுத்தேன்" என்றேன். "ஒரு நாள் பூராவும் அடைச்ச பெட்டி பானு. சிந்திரக் கூடாதுன்னு ஒவ்வொரு தட்டா எடுத்து வெளிய வச்சேன். மூணாவது தட்டை வைக்கும்போது உங்கம்மா சத்தம் நின்னுபோச்சு."