ஸ்பேனரின் நுரையீரல்

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு ஊசிக்கு வந்துகொண்டிருந்த நாய் ஸ்பேனர், அடுத்தடுத்து இரண்டு தடவை வரவில்லை. அதை வளர்த்தவருக்கு டாம்சின் போன் போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு, அவர் இருந்த நரண்டெரா ஊர்ப் பக்கம் கிளம்பிவிட்டாள்.

நாய்களுக்கு வரும் எலும்புப் புற்றுநோய்தான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. வெட்டி எடுத்த கட்டியிலிருந்தே மருந்து தயாரித்து, அதே நாய்க்குப் போட்டுப் பார்ப்பது. சொந்த ஊரான டாஸ்மேனியாவை விட்டு வந்து நாலாவது வருடம். கூடச் சேர்ந்தவர்கள் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆய்வகத்தில் இப்போது அவளும் குளிர்பெட்டிகளின் உறுமலும்தான். நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. முன்னங்கால் ஒன்றை இழந்த ஸ்பேனர் மட்டும், டாக்டர்கள் வைத்த கெடுவைத் தாண்டி, தத்தித் தத்தி வந்து அவள் மடியில் தலையை வைக்கும். சில வாரங்களில் அவளைத் தொட்ட உயிர் அது ஒன்றுதான்.

நாயை வளர்த்தவர் நெவ் ஹாலினன், கோதுமை லாரி ஓட்டுபவர். முற்றத்தில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வா, டாக்டரம்மா. இன்னும் பட்டம் குடுக்கலையா உனக்கு?"

வழக்கமான கிண்டல்தான். குரலில் உயிர் இல்லை.

"ஸ்பேனர் எங்க, நெவ்?"

அவர் குழாயை மூடிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். யூகலிப்டஸ் மரத்தடியில் புது மண்.

"முந்தாநேத்து. ரெண்டு மாசமாவே இருமல். உங்கிட்ட கூட்டிட்டு வந்தா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். அதான் வரல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருந்தா?"

டாம்சின் அந்தப் புது மண்ணையே பார்த்தாள்.

"நுரையீரல் வேணும், அதானே?" என்றார் நெவ்.

நோய் நுரையீரலுக்குப் பரவித்தான் செத்ததா, வேறு காரணமா என்று எடுத்துப் பார்க்காமல், ஸ்பேனர் உயிரோடு இருந்த காலமெல்லாம் ஆராய்ச்சிக்குக் கணக்கில் வராது. செத்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் ஆரம்பத்திலேயே சம்மதித்தும் இருந்தார். குளிர்காலம்; மண்ணுக்குள் இன்னும் கெட்டிருக்காது. அதையும் அவள் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"ஆமா," என்றாள். "ஐஸ் பெட்டி கார்ல இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்." சொல்லும்போதே முகம் சுட்டது.

"அன்னைக்கு தர்றேன்னுதான் சொன்னேன். இன்னைக்கு முடியல, பொண்ணே. என்னால தோண்ட முடியாது. நீ தோண்டறத பாத்துட்டு நிக்கவும் முடியாது."

"வேணாம், நெவ். விடுங்க."

"உன் மருந்து வேலை செஞ்சுதா? அதையாவது சொல்லு."

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"தெரியல. அது தெரியணும்னுதான் கேட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சாஸேஜ் தட்டு. "சாப்பிடாம போகாத," என்று முற்றத்து அடுப்பைப் பற்றவைத்தார். வெங்காயத்தோடு சுட்டு, ரொட்டியில் சுற்றி, இருவரும் தின்றார்கள். கடைசித் துண்டு மிஞ்சியபோது நெவ்வின் கை தானாக நாற்காலிக்குப் பக்கத்தில் கீழே இறங்கியது. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. டாம்சின் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்களன்று பேராசிரியரிடம் சொன்னாள்.

"சம்மதம் குடுத்தவர்தானே? அழுத்திக் கேட்டியா?"

"ஒரு தடவை கேட்டேன். போதும்னு தோணுச்சு."

"அப்ப இன்னொரு வருஷம் ஆகும், டாம்சின். பரவாயில்லையா?"

"பரவாயில்ல," என்றாள். மனசு அப்படிச் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மா போனில் வந்தாள். "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு நாய் செத்துப்போச்சும்மா."

"ஐயோ. உன் நாயா? நீ நாய் வளக்கறன்னு சொல்லவே இல்லையே?"

"இல்லம்மா. ஆராய்ச்சி நாய்."

"ஓ, அதுவா," என்று நிம்மதியாக மூச்சுவிட்ட அம்மா, அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். டாம்சின் 'உம்' கொட்டிக்கொண்டே ஆய்வக விளக்குகளை அணைத்தாள்.