தலையணையோடு வந்த அத்தா

இரண்டு நாள் விருந்துக்கு வருகிறவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு வருவாரா? அத்தா வந்தார். திண்டுக்கல்லிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கீழக்கரை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒரு கையில் ரெக்சின் பை, இன்னொரு கையில் இலவம்பஞ்சுத் தலையணை. உறை மட்டும் புதிது. தங்கிவிடத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அம்மா மவுத்தானதிலிருந்து அத்தா பேகம்பூர் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் நான். திண்டுக்கல்லில் மகன் வீடு என்றால் அது அப்பனுக்கும் வீடுதான். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு வீடு ஏது? கீழக்கரையில் பெண் எடுத்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். இங்கே எல்லோரும் அப்படித்தான், அதில் கேலி ஒன்றும் கிடையாது. மாமாவுக்கு மூன்று பெண்கள், மாடியில் மூன்று அறைகள், அறைக்கொரு மாப்பிள்ளை. நான் நடு அறை. வேலையும் மாமாவின் ஜவுளிக்கடையில்தான். இதெல்லாம் அத்தாவுக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்தன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பிரியாணி சாப்பிட்டவர்தான். இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்; ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகி, வீடு மகன் வீடாக மாறிவிடும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

மாமனார் வீட்டில் அத்தாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சம்பந்தி என்றால் சும்மாவா? முன்கூடத்தில் கட்டில், புது விரிப்பு, வேளைக்கு ஒரு மீன். கை கழுவத் தண்ணீர்கூட உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. அத்தா பூரித்துப் போனார். கட்டிலில் தன் தலையணையைப் போட்டுத் தட்டிவிட்டு, "நல்லா காத்து வருதுப்பா ரஃபி. இந்த எடமே எனக்குப் போதும்" என்றார்.

அந்த இடம்தான் வம்பு. வீட்டுப் பெண்கள் தெருவுக்குப் போவதும் வருவதும் முன்கூடத்தின் வழியாகத்தான். அங்கே வெளி ஆண் இருந்தால் மாமியோ, என் மனைவி பாஸிலா லாத்தா என்று கூப்பிடும் அக்காவோ, அவள் தங்கையோ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பாஸிலா மட்டும் மருமகள் என்பதால் வரலாம். பின்கட்டில் இருக்கும் கழிப்பறைக்கு ஓர் ஆண் போக வேண்டுமானால் முதலில் இருமுவான். பெண்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அத்தாவோ நாற்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோரம் நின்று தோல் ஊறவைத்தவர். அவருடைய இருமலுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது, அது பாட்டுக்கு வரும். அவர் இருமும்போதெல்லாம் உள்ளே ஓட்டமும் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவுகள் மெதுவாகத் திறக்கும். அத்தா மறுபடியும் இருமுவார்.

மறுநாள் காலையில் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அந்தக் கொடுப்பினையும் எனக்கு இல்லை. தோளில் கை போட்டு, "மாப்பிள்ளை, இன்னைக்குக் கடைக்கு வர வேணாம். உங்க அத்தாவக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. சாவகாசமா எல்லாம் காட்டிட்டு வாங்க" என்றார்.

பெண்கள் நேற்றிலிருந்து உள்ளேயே அடைந்து கிடப்பதையும், காய்ச்சலில் இருக்கும் தங்கையை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருப்பதையும் பாஸிலாதான் சொன்னாள்.

"அத்தா இங்கயே இருக்கட்டும்னு மாமாகிட்ட கேக்கவா?" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டா வாப்பா சரின்னுதான் சொல்வாங்க. இல்லன்னு சொல்ல அவங்களுக்கு வராது. அப்புறம் உம்மாவும் லாத்தாவும் எந்த வழியா நடப்பாங்க, சொல்லுங்க?"

அத்தாவுக்குக் கடல் காட்டக் கிளம்பினேன். போகிற வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

படகு நிறுத்தும் ஜெட்டியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்த அத்தா, "என்னப்பா, அலையவே காணோம்? நம்ம ஊரு கொளம் மாதிரில்ல கெடக்கு" என்றார். இந்தப் பக்கக் கடல் அப்படித்தான் என்றேன். தூரத்தில் கோடு போல் தெரிந்த தீவைக் காட்டினேன். படகுகளைக் காட்டினேன். கருவாடு காய்கிற இடத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் சிரித்தார். "தோல் ஷாப்புக்கு முன்னால இதெல்லாம் அத்தருடா."

அன்றைக்கென்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "விடியக்கால பஜ்ர் தொழுதுட்டு டெய்லி இங்கிட்டு ஒரு நட வந்துருவேன். பேத்திய ஸ்கூலுக்குக் கொண்டு போயி விடுறது என் பொறுப்பு. ஒனக்கும் ஒரு வேல மிச்சம்" என்றார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே நான்? கல்தூண் வைத்த பழைய பள்ளிவாசலைக் காட்டினேன். கலங்கரை விளக்கத்தைக் காட்டினேன். காட்ட ஒன்றும் இல்லாமல் போனபோது மறுபடி ஜெட்டிக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. "வீட்டுக்குப் போவமாப்பா? செத்த நேரம் சாயணும் போல இருக்கு" என்றார்.

போனைப் பார்த்தேன். டாக்டரிடம் போனவர்கள் திரும்பிவிட்டதாகப் பாஸிலாவிடமிருந்து தகவல் இல்லை. "இன்னும் ஒண்ணு பாக்க வேண்டியிருக்குத்தா" என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மறுபடி கேட்டார். நான் மறுபடி போனைப் பார்த்தேன். அத்தா நின்றுவிட்டார்.

"அவங்க வெளிய போயிருக்காங்களா? இன்னும் வரலையா?"

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"நான் என்ன செவிடாப்பா? வந்ததுலருந்து கதவு சத்தம் எனக்குக் கேக்காமலா இருக்கும்? ராத்திரி பூரா தலகாணிய வாயில வச்சு அமுக்கிக்கிட்டுத்தான் இருமுனேன். பழகிரும், போகப் போக சரியாயிரும்னு பாத்தேன்."

படகு கட்டுகிற கல்லில் உட்கார்ந்துகொண்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"பக்கத்துலயே ஒரு ரூம் பாக்கவாத்தா?"

"மகன் மாமியா வீட்டுல, அப்பன் வாடக ரூம்லயா? ஒன் மாமனாருக்குத்தான் அசிங்கம். தங்கமான மனுசன்ப்பா அவரு."

"அப்ப நான் திண்டுக்கல்லுக்கே வந்துர்றேன்."

"பாஸிலா வருமா?"

பதிலையும் அவரே சொன்னார்.

"வராது. அது மேல தப்பு இல்ல, அவங்க ஊரு வழக்கம் அது. புள்ளைய விட்டுப்புட்டு நீ மட்டும் வந்து என்னத்தச் செய்யப் போற?"

"பேகம்பூர் வீடு?"

"காலி பண்ணிட்டேன். சட்டி பானையெல்லாம் அக்கம்பக்கம் குடுத்துட்டேன். மகன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுல வந்தேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுல நம்ம பொம்மையன் வாட்ச்மேனா இருக்கான். ஷாப்புல எங்கூட வேல பாத்தவன். அவன் ரூம்ல ஒரு ஓரமா படுத்துக்கிறேன். தலகாணிதான் இருக்கே" என்றார்.

ஒரு பாவமும் அறியாத மனிதரை நட்ட நடுத்தெருவில் நிறுத்தியிருந்தேன். அதை அவர் எனக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசல் வரை வந்தவர் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். அவசரமாக ஊருக்குக் கிளம்புகிறார் என்று சொல்லி, பையையும் தலையணையையும் நான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். பாஸிலா ஓடி வந்து தொதல் அல்வா டப்பா ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். அவர் அவள் தலையில் கை வைத்து துஆ செய்தார். திரைக்குப் பின்னாலிருந்து மாமி, "என்ன மாப்பிள்ளை இது? ரெண்டு நாளாவது இருந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். ரெண்டு நாள்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலையணையை மேலே வைக்கச் சொன்னார் கண்டக்டர். அத்தா கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"வெயில்ல நிக்காத, போப்பா. கடல் நல்லா இருந்துச்சு."

நான் போகவில்லை. பஸ் கிளம்புவதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்தாமல், அடக்காமல், நேற்றிலிருந்து மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து இருமினார். பஸ்ஸில் யாரும் எழுந்து ஓடவில்லை.