வெள்ளச்சிக்கு ஏக்கமாம்

வெள்ளச்சி மறுபடியும் நர்மதாவின் பழைய தாவணி மேலேயே போய்க் குந்தியது. முக்கியது, ஈனசுரத்தில் கத்தியது, எழுந்து நகர்ந்துவிட்டுத் திரும்ப வந்து அங்கேயே குந்தியது. மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

“இன்னாமே இது, வூடெல்லாம் நாத்தம்! கெழட்டுப் பூனைய ஏரிக்கரையில வுட்டுட்டு வா” என்றார் பொன்னுரங்கம், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

“அப்பிடிச் சொல்லாதீங்க. ஏங்கிக்கினு இருக்குது. வளத்தவள தேடுது” என்றாள் அவர் மனைவி தைலம்மாள்.

வளர்த்தவள் கல்வராயன் மலைமேல் இருந்தாள். கச்சிராயபாளையத்தில் அவர்கள் வீட்டு மாடியில் நின்றால் மலை கண்ணெதிரே தெரியும். துணி காயப்போடுகிற சாக்கில் தைலம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மகள் நர்மதா அந்த மலையிலுள்ள வெள்ளிமலை ஊர்ப் பையன் வெற்றிச்செல்வனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து, அவளோடு யாரும் பேசக்கூடாது என்பது பொன்னுரங்கத்தின் கட்டளை. மகள் பேரைச் சொல்ல முடியாத வீட்டில், பூனை ஏங்குகிறது என்று சொல்வதாவது அவளுக்கு ஒரு ஆறுதல்.

ஏங்கின பிள்ளைக்குச் செய்வது போல, பூசாரி பச்சமுத்துவிடம் கயிறு மந்திரித்து வெள்ளச்சியின் கழுத்தில் கட்டினாள். ஆடியில் கட்டிய கயிறு கார்த்திகையில் நைந்தது. ஒருநாள் தாவணியை அலசியபோது தண்ணீர் சிவந்தது. அலசியதை அப்படியே போட்டுவிட்டுப் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள்.

வழியில் மறியல். இட ஒதுக்கீடு கேட்டு ஊரே ரோட்டில் உட்கார்ந்திருந்தது. அதில் பொன்னுரங்கமும் இருந்தார். பஸ் ஜன்னலில் மனைவியைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“எங்கமே போற?”

“நீங்க வழி வுட்டா ஆஸ்பத்திரிக்கு.”

“யாருக்கு இன்னா?”

கூடைக்குள்ளிருந்து வெள்ளச்சியே பதில் சொன்னது. பஸ்ஸே சிரித்தது. மறியலில் இருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

பிராணிகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுபஸ்ரீ பூனையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “பயத்துல அடக்கிக்கினு வந்திருக்குது. அதுவும் நல்லதுதாம்மா. மூத்திரப்பை நெறஞ்சிருந்தாதான் ஸ்கேன்ல உள்சுவர் தெரியும்.”

திரையில் கறுப்பாக ஒரு குளம். அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

“கறுப்பா தெரியறது மூத்திரம். அந்தத் திட்டு கல்லாவோ உறைஞ்ச ரத்தமாவோ இருந்தா, பூனையத் திருப்பினா அதுவும் இடம் மாறும்.”

திருப்பிப் பார்த்தார்கள். அது நகரவில்லை.

“சுவத்துலயே ஒட்டியிருக்கு. கட்டிம்மா. என்ன கட்டின்னு மூத்திரத்த டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாக்கலாம். வயசான பூனைக்கு இப்பிடி வந்தா பெரும்பாலும் புத்துநோய்தான். ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க?”

“ஏக்கம்னு நெனச்சேங்க.”

“பூனை ஏங்கும், மிரளும். அதுல கூட ரத்தம் வரலாம். ஆனா உள்ள பாக்காம நாமளே முடிவு கட்டக்கூடாதும்மா. முன்னாடியே வந்திருந்தா செய்ய வழி ஜாஸ்தி. இப்ப வலி கம்மியாக மருந்து தரேன். இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்.”

பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலைப் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தைலம்மாள் அதையே பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். மறுமுனையில் நர்மதா, “அம்மா...” என்றாள்.

சாயங்காலம் கோஷம் போட்டுத் தொண்டை கட்டி வந்த பொன்னுரங்கம் கூடையை எட்டிப் பார்த்தார். “இன்னாவாம்?”

“கட்டியாம்.”

“ஏக்கம்னியே?”

“ஏக்கம் எனக்குங்க. என் நோவத் தூக்கி அதும்மேல போட்டுட்டேன். வாயில்லாத ஜீவன் முக்கி முனகினா, வயசாச்சி, ஏங்குதுன்னு நாமளே பேரு வச்சிட்டு சும்மா இருக்கக்கூடாது. கொண்டுபோய்க் காட்டணும். வாயிருக்கிறவங்க வாயத் தொறந்து சொல்லணும். நர்மதாவுக்குப் போன் போட்டுட்டேன். பூனையப் பாக்க நாளைக்கு வர்றா. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, நான் மலைமேல அவகிட்டயே போயிடறேன்.”

பொன்னுரங்கம் நைந்த கயிற்றை மெல்ல அவிழ்த்தார். வெள்ளச்சி அவர் விரலை நக்கியது.

“நாளைக்கும் மறியல். பஸ் ஓடாது” என்றார்.

தைலம்மாள் முகம் வாடியது.

“வண்டிய எடுத்துக்கினு நானே போய்க் கூட்டியாறேன். அந்தப் பையனையும் வரச் சொல்லு.”