சிங்காரவேலின் முதல் கேசட்

காந்திமதி அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். வெளியே குழாயடியில் அவள் சின்னண்ணன் சிங்காரவேலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் அரிசி டின்னைத் துழாவினால் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். பேசட்டும், போ!

“என்னாடி தேடிக்கினு இருக்கிற?” பெரியண்ணன் பெண்டாட்டி கமலா எட்டிப் பார்த்தாள்.

“கேசட்டு அண்ணி. தலமாட்டுல இருந்துச்சே!”

கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனதில் பெரியவன் ராஜாங்கத்துக்கு அங்கேயே பெர்மனென்ட் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சிங்காரவேலுக்குக் கடைசி வரை கான்ட்ராக்ட்தான். ஆனால் வாய் இருந்தது. ராகம் கிடையாது, இழுவை கிடையாது. பறையின் அடிக்கு அடி பேச்சு, நறுக்கு நறுக்கென்று. சங்கத்தின் கேட் மீட்டிங்கில் அவன் சுரங்கக் கம்பெனியைக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் டீக்கடைக்காரன் ஆற்றுவதை நிறுத்திவிடுவான். கூட வேலை பார்க்கும் கலியன் பறை அடிக்க, போன மாசம்தான் குறிஞ்சிப்பாடியில் அதையெல்லாம் கேசட்டில் பிடித்தார்கள். இருந்தது ஒன்றே ஒன்று. நகல் போடுவதற்குள் காமாலை வந்து படுத்துவிட்டான்.

“என்னத் தூக்கிக்கினு போறப்ப இதப் போடு பாப்பா” என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அவள் அப்போது சிரித்துத் தொலைத்தாள்.

டிரங்குப் பெட்டி, பரண், தலையணை உறை, எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் ராஜாங்கத்தின் டேப் ரிக்கார்டர். துணி போர்த்தி வைத்திருக்கும் அதை வீட்டில் வேறு யாரும் தொட மாட்டார்கள். காந்திமதி துணியை உருவினாள். கேசட் அதற்குள்ளேயே இருந்தது. அட கடவுளே! முற்றத்துக்குத் தூக்கிவந்து, சத்தத்தைக் கூட்டி அமுக்கினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

டேப்பில் குக்கர் விசில் அடித்தது. கீரைக்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். ஷிப்ட் சங்கு ஊதியது. மறுபக்கம் திருப்பிப் போட்டாள். அங்கேயும் வெறும் வீடுதான் கேட்டது. கேசட்டை வெளியே எடுத்தாள். மேலே வேறெதுவும் பதிந்து அழியாமல் இருக்க சிங்காரவேல் உடைத்துவிட்டிருந்த ஓட்டைகளில் காகிதம் திணித்திருந்தது.

“நான்தான் அழிச்சேன்.” ராஜாங்கம் ஈர வேட்டியோடு நின்றான். “தம்பி கேசட்டு போட்டிருக்கானாமேன்னு பஸ்சுல ரெண்டு பேரு கேட்டாங்க. என் வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்களோன்னு பயமாப் போச்சு.”

“நீ நல்லா இருப்பியாண்ணா?”

“பொழச்சி எழுந்தா திரும்பப் பேசிக்குவான்னு நெனச்சேன் பாப்பா.”

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிடிப்பதற்கு அவன் உடம்பில் சட்டைகூட இல்லை.

கலியன் வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். அவள் போய்ச் சொன்னாள். அவன் தீயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அவன் கொரலு போனா போவட்டும். அடி எங்கிட்ட இருக்குது இல்ல?”

பாடை எழுந்தது. கலியன் கேசட்டில் அடித்த அதே அடியை அடித்தான். நாலு அடி, பிறகு நிறுத்தம். சிங்காரவேல் பேச வேண்டிய இடத்தை அப்படியே காலியாக விட்டு, மறுபடி நாலு அடி. அங்கே வர வேண்டிய வரி குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க மனப்பாடம். ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஜன்னல்களில் அக்கம்பக்கத்து முகங்கள் தெரிந்தன.

தெருமுனையில் பெண்கள் நின்றுவிட வேண்டும். காந்திமதியும் நின்றாள். யாரும் பேசாவிட்டால் அந்த இடைவெளி காலியாகவே சுடுகாடு வரை போய்ச் சேரும். சத்தியத்தைக் காப்பாற்ற அவள் கையில் ஒன்றும் இல்லை.

மறுபடி நாலு அடி விழுந்தது. நின்றது.

“நெலம் என்னுது… கரி யாருது?”

முன்பக்கம் பாடைக்குத் தோள் கொடுத்திருந்த ராஜாங்கம்தான். குரல் கம்மிப்போய், தாளம் தப்பி வந்தது. அடுத்த வரியை அவன் மென்று விழுங்கி எடுக்கும் வரைக்கும், கலியன் குச்சியை ஓங்கியபடியே காத்திருந்தான்.