பென்சில் புள்ளி

ஆத்துமாக்கள் திருநாளன்று தலைமன்னார்ச் சேமக்காலையில் எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களின் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள். றஞ்சிதம் மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு மலை வரைபடத்தை மதிலோடு சாத்திவைத்து அதற்குக் கொளுத்துவாள். "றஞ்சிதம் புருசனைக் காவிக்கொண்டு வாறா" என்று ஊர் வாயைப் பொத்திச் சிரிக்கும். நாற்பது வருசத்துக்கு மேலாகச் சிரித்தும் ஊருக்கு அலுக்கவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் கிறகரி. அவரும் அவளுடைய புருசன் பஸ்ரியனும் எண்பத்திரண்டாம் ஆண்டில், உயர்ந்த மலைக்காட்டை அளந்து படம் கீறப் போன குழுவில் அளவுச் சங்கிலி பிடித்தவர்கள். பஸ்ரியன் திரும்பவில்லை. படத்தைக் கொண்டுவந்து, அதிலிருந்த ஒரு பென்சில் புள்ளியைக் காட்டி, "இதிலதான் அடக்கம் பண்ணினனாங்கள்" என்றவர் கிறகரி. அந்த நன்றிக்கு இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் அவர் வீட்டுக்கு றஞ்சிதத்தின் மீன்குழம்பு போகிறது. அதைப் பற்றியும் ஊரில் கதை உண்டு, அது கிடக்கட்டும்.

இந்த வருசம் குழம்போடு அவளே வந்தாள்.

"கிறகரியண்ணை, மலைக்குப் போக வான் பிடிச்சிட்டன். முழங்கால் முழுசாக் கைவிடமுன்னம் அந்தப் புள்ளியில ஒரு திரி கொளுத்தோணும். நீங்கதான் இடம் காட்டோணும்."

கிறகரிக்கு இருந்த கதிரை சுட்டது. ஊரார் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடிக்கிற மனிசனுக்குத் தன் பொய்யை ஒளிக்க இடம் கிடைக்கவில்லை.

"அங்க ஒண்டுமில்லைத் தங்கச்சி."

"பத்தை வளந்திருக்கும். வெட்டுவம்."

"நாங்கள் அடக்கம் பண்ணேல்லை. பனிமூட்டத்துக்க பள்ளத்தில விழுந்தவன். மூண்டு நாள் தேடினம். ஆளைக் காணேல்லை. நாலாம் நாள், வேலை முடிக்கோணுமெண்டு சங்கிலியைக் கையில தந்திட்டாங்கள்."

"அப்ப புள்ளி?"

"றெயில்ல வரேக்க வைச்சனான்."

அந்தப் படத்தில் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதரை. கூட்டாளி சரிவில் கிடக்கக் கூடாதென்று, கோடுகள் நன்றாக விலகிய இடமாகத் தேடி வைத்த புள்ளி. அதையும் சொன்னார்.

றஞ்சிதம் அழவில்லை.

"என்ர பேரில ஒரு பிடி மண் போட்டனான் எண்டு சொன்னனீங்களே அண்ணை?"

கிறகரி குழம்புச் சட்டியை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

வான் போகவில்லை. ஆத்துமாக்கள் திருநாளன்று அவள் வெறுங்கையோடு சேமக்காலைக்கு வந்தாள். சட்டத்தைத் தேடிய ஊருக்குச் சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை. அவள் குனிந்து ஒரு பிடி மணல் அள்ளினாள். சுற்றிவர எல்லாம் மற்றவர்களின் கல்லறை. எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள்.

திரிகள் எரிந்து முடிந்து சனம் கலைந்தது. கிறகரி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தே பார்த்தார்: மணல் முழுக்க விரலிடுக்கால் ஒழுகிப் போயும் அவள் கையை விரிக்கவில்லை.